பொருத்தனைப் பிள்ளை

3 பிப்ரவரி 1986, திங்கள்

காலையில் பனி. எதிர் வரிசைக் கடைகள் வெகுநேரம் காணவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. டீக்கடை முதலில்.

ஆலயத்துக்கு வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு வாளி தூக்கிக் கொடுத்தது நான். கண்ணில் தெறித்து எரிச்சல். என் அக்கா எஸ்தர் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தாள். "மெட்ராஸ்ல எம்.ஏ. படிச்சவனுக்கு வாளி புடிக்கத் தெரியல" என்றாள்.

சனிக்கிழமை காலாண்டுக் கூட்டம். அதற்குத்தான் வெள்ளையடிப்பு. மாவட்டக் கண்காணிப்பாளர், நாங்கள் சொல்வது டி.எஸ். ஐயா, ஓசூரிலிருந்து வந்து தலைமை வகிப்பார். வழக்கமாக ஓடு மாற்றுவது, கல்லறைத் தோட்டத்துக்கு வேலி, ஆர்மோனியத்தில் எலி. இந்த முறை முக்கியமான விஷயம் ஒன்றுதான். நான்.

இறையியல் கல்லூரியில் சேர உள்ளூர் சபையின் சிபாரிசு வேண்டும். மெதடிஸ்ட் வழக்கம். சபையார் கை தூக்கினால் ஜூனில் பெங்களூர். அதன்பின் ஆயுள் முழுக்க வெள்ளை அங்கி. பாத்திரம் பண்டத்தோடு ஊர் ஊராக மாற்றல்.

எனக்கு விருப்பமில்லை.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் யாரிடமும் சொன்னதில்லை. கடவுள் இருக்கிறாரா என்பது வேறு விஷயம். இருந்தாலும் அவர் சார்பாகப் பேச என்னால் ஆகாது.

காரணம் அம்மா. அவள் செய்த பொருத்தனை, கடவுளுக்கு நேர்ந்துகொண்டது. நான் பிறக்குமுன்பே ஆண்டவருக்கு என்று கொடுத்தாகிவிட்டது. சாமுவேல் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். வேதத்தில் அன்னாள் தன் பிள்ளையை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள் இல்லையா, அந்தச் சாமுவேல். அப்பா இருந்திருந்தால் அவரிடமாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

சாயந்திரம் அம்மா: "வெள்ளச் சட்டைக்கு நீலம் போட்டு வெச்சிருக்கேன். அன்னைக்கி அதையே போட்டுக்க."

"சரிம்மா."

"முடிய வெட்டிக்க. டி.எஸ். ஐயா பாத்தா யாரோ சினிமாக்காரன்னு நெனப்பாரு."

"சரிம்மா."

இன்று சொன்ன பொய்கள் இந்த இரண்டும்.

4 பிப்ரவரி, செவ்வாய்

பாஸ்டர் ஐயா கூப்பிட்டார். கோலார் பக்கத்துக்காரர், கன்னடம் தாய்மொழி. தமிழ் இங்கே வந்துதான் பழகினார். எல்லோரையும் வாங்க போங்க என்பார். அவர் வீட்டு நாயையும்.

"சனிக்கிழமை கூட்டத்துக்கு முந்தி ஆராதனை இருக்குது, சாமுவேல். நீங்க பேசுங்க. நம்ம சபை எப்படி வந்துச்சு, எதுக்கு வந்துச்சு. டி.எஸ். ஐயாவும் கேக்கணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வேன்.

சபையின் சரித்திரம் என்று எழுத்தில் இருப்பது வாசல் கல் ஒன்றுதான். ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர், கட்டிய வருடம், ஒரு வசனம். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? ஆகவே ராஜம்மாவைத் தேடித் தக்காளி மண்டிக்குப் போனேன்.

ராஜம்மா எங்கள் கிளாஸ் லீடர். சபையைச் சில வீடுகளாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர். யார் ஆராதனைக்கு வரவில்லை, யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை என்று தெரிந்து வைத்துக்கொண்டு போய் விசாரிப்பது பொறுப்பு. மற்ற நேரத்தில் மண்டி வியாபாரம். கூடைகளுக்கு நடுவில் நின்று, கன்னடத்தில் ஒருவனைத் திட்டிக்கொண்டே எனக்குத் தமிழில் பதில் சொன்னாள்.

"தொர கட்டினாரப்பா, இல்லேங்கல. கட்டறதுக்கு மொதல்ல ஜனம் வேணுமில்ல? ஜனத்த சேத்தது மார்த்தம்மா."

யார் என்றேன். பெயரே கேள்விப்பட்டதில்லை.

பைபிள் உமன் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டுகிற பெண். ஊரில் பிளேக் வந்து, ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வயல்வெளியில் கொட்டகை போட்டு இருந்த சமயம். கோலார் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு நடந்து வந்தாள். ராஜம்மாவின் அம்மா அந்தக் கொட்டகை ஒன்றில் சின்னப் பெண்.

"கொட்டாய் கொட்டாயா போவாளாம். கஞ்சி காச்சி ஊத்துவா. செத்தவங்களுக்குக் கண்ண மூடி விடுவா. பைபிள எடுக்கறதெல்லாம் கடேசியில. எங்கம்மா கேட்டிருக்கா, ஏக்கா உனக்குப் பயமே இல்லியான்னு. பயமாத்தான் இருக்குது, அதுக்காக என்ன பண்றதுன்னாளாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நோவு போயி ஜனம் ஊருக்குள்ள திரும்பினப்போ பாதிப் பேரு அவ பின்னாடி வந்தாங்க. தொர அதுக்கப்புறம் குதிரையில வந்தாரு."

எழுதிக்கொண்டேன். எங்கள் சபையைப் பற்றி எனக்குப் பிடித்த முதல் செய்தி.

கிளம்பும்போது ராஜம்மா: "அது கெடக்கட்டும், நீ எங்கூட்டுக்கு வந்து எத்தினி வருசமாச்சு?"

"மெட்ராஸ்ல இருந்தேன்ங்க."

"மெட்ராஸ்லேருந்து வந்தப்புறம்?"

பஸ் வருவதுபோல் திரும்பிப் பார்த்தேன். பஸ் எதுவும் வரவில்லை.

5 பிப்ரவரி, புதன்

முடி வெட்டியாயிற்று. காது இரண்டும் வெளியே வந்துவிட்டன. கண்ணாடியில் ஏற்கனவே பாதிப் போதகர்.

காதர் பாய் கடைக்குப் போய் மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். ஆலயம், மாரியம்மன் கோவில், பள்ளிவாசல், கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர் செட்தான்.

"என்ன தம்பி, சனிக்கிழமையிலேருந்து ஐயரா?" என்றார். போதகரை இங்கே ஐயர் என்பார்கள்.

"இன்னும் யாரும் கை தூக்கலீங்க பாய்."

"தூக்குவாங்க, தூக்குவாங்க. உங்கம்மா கிரேஸ் டீச்சர் கிட்ட குட்டு வாங்காதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்? நானே வாங்கியிருக்கேன். அவங்க பாக்கறாங்கன்னா நானே ரெண்டு கையயும் தூக்கிருவேன்."

பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஒன்னு மட்டும் உங்க பாஸ்டர் கிட்ட சொல்லிருங்க. ஆம்ப்ளிஃபயர்ல யாரும் கை வெக்கக் கூடாது. ஈஸ்டருக்கு அவரு ஒரு திருகு திருகினாரு, உள்ள கருகிப் போச்சு. போடறதும் நான்தான், நிறுத்தறதும் நான்தான்."

ஊரில் எல்லோரும் மதிக்கிற சட்டம் இது ஒன்றுதான்.

6 பிப்ரவரி, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட முடிவு செய்து அடுப்படிக்குப் போனேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றேன். நிமிர்ந்தாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

பிறகு கிணற்றடியில் அக்கா. பால்வாடியிலிருந்து வந்து துவைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"உனக்கு இஷ்டமில்லன்னு."

திடுக்கென்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பாட்டுக்கு ஜெபம் பண்றப்ப நீ கண்ண மூடறதில்ல."

"நீ மூடியிருந்தா உனக்கெப்படித் தெரியும்?"

சிரித்தாள். போர்வையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். முறுக்கிப் பிழிந்தோம். பிழிந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். பொருத்தனை முதலில் எனக்கு இல்லையாம். அவளுக்காம்.

"கல்யாணமாகி ரொம்ப நாள் கொழந்த இல்ல இல்லியா. மொதக் கொழந்தய ஊழியத்துக்குக் குடுக்கறேன்னு அம்மா வேண்டிக்கிச்சு. நான் பொறந்தேன். பொம்பளப் புள்ளைய எப்படிக் குடுக்கறது, அடுத்தது பாக்கலாம்னு அப்ப இருந்த ஐயர் சொல்லிட்டாரு. அடுத்தது நீ. உம் பேர்ல மாத்திட்டாங்க, பட்டா மாத்தற மாதிரி."

"பொம்பளைங்க போகக் கூடாதுன்னு நம்ம சபையில சட்டம் இருக்குதா?"

"இல்ல. போகலாம். ரொம்ப வருசமா போகலாம். இந்த ஊர்ல யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். முகம் அந்தப் பக்கம்.

ஏதோ கேட்டிருக்க வேண்டிய இடம். என் கவலையிலேயே இருந்தேன். உள்ளே வந்துவிட்டேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

உரை எழுதினேன். பாதி அடித்தேன். மீண்டும் எழுதினேன். மார்த்தம்மாவைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனா தானாக ஓடியது.

துரையைப் பற்றி ஒரு பத்தி. ஆலயம், பள்ளிக்கூடம், மருந்து கொடுத்த அறை (இப்போது அதில் நாற்காலிகள்). கன்னடமும் தமிழும் ஒரே கூரைக்குக் கீழ். மீதி முழுவதும் அவள்தான். 'சபை நடந்து வந்தது. கட்டடம் பிற்பாடு எழும்பியது.' இந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

'அழைப்பு' என்கிறார்கள். உனக்கு அழைப்பு வந்ததா என்று நாளை கேட்பார்கள். காது கொடுத்துக் கேட்டேன், உண்மையாகவே. ரைஸ்மில். பக்கத்து வீட்டில் ரேடியோ. அம்மா பாட்டு முணுமுணுப்பது.

நாளைக்கு:
சட்டை இஸ்திரி.
உரை, கொட்டை எழுத்தில் ஒரு பிரதி.
தைரியம்.

8 பிப்ரவரி, சனி

வரிசையாக எழுதவேண்டும்.

பிற்பகல் ஆராதனை. டி.எஸ். ஐயா ஓசூரிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில் வந்திறங்கினார். பருத்த உருவம், தோளில் வெந்நீர் பிளாஸ்க். பாட்டு வழக்கம்போல் இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில். இடப்பக்கம் கன்னடம், வலப்பக்கம் தமிழ், மெட்டு ஒன்று. சரணம் முடியும் இடத்தில் கன்னடம் அரை மூச்சு முந்தும். பழக்கமில்லாதவர்களுக்கு இரைச்சல்.

பேசினேன். நன்றாகப் பேசினேன். கொட்டகைகள், கஞ்சி, கடைசியில் எடுக்கப்பட்ட வேதம். ராஜம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. இவ்வளவு நன்றாகப் பேசியிருக்க வேண்டாம். முடிந்துவிட்டது, ஜூனில் பெங்களூர் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் கூட்டம். யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவனும் அவன் வீட்டாரும் வெளியே போய்விட வேண்டும், கூப்பிட்டால்தான் உள்ளே வரவேண்டும். அது வழக்கம். அம்மா சந்துக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குப் போனாள். அக்கா பாஸ்டர் வீட்டு அடுப்படிக்கு, கூட்டத்துக்கு டீ போட. நான் எதிரே டீக்கடை பெஞ்சில்.

காதர் பாய் அசர் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் இல்லாமல் ஆம்ப்ளிஃபயரை நிறுத்த யாருக்கும் தைரியமில்லை. நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மைக் மேஜைமேல். குழாய் ஸ்பீக்கர் கூரைமேல், பஜாரைப் பார்த்து. பக்கத்து ரைஸ்மில் ஓடுவதால் உள்ளே இருப்பவர்களுக்கு அது கேட்காது.

முதலில் ஒரு தொண்டைக் கனைப்பு. பஸ் நிறுத்தம்வரை கேட்டது. பிறகு டி.எஸ். ஐயா குரல்: "கதவ சாத்துங்க. இது உள் விஷயம்."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார்.

எழுந்து ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்பது வழக்கம். வாழ்க்கையில் முதல் முறையாகச் சபை வழக்கத்தை முழு மனதோடு கடைப்பிடித்தேன்.

"மூணு விஷயம் பாக்கணும்" என்றது குழாய். "கிருபை இருக்குதா, வரம் இருக்குதா, கனி இருக்குதா. வரம்?"

"இருக்குதுங்கய்யா." இது செயலாளர் தேவராஜ். பஸ் கண்டக்டர். அவருக்கு மைக்கே தேவையில்லை. "இப்பதான் கேட்டீங்களே, என்னா பேச்சு!"

"கிருபை?"

பாஸ்டர் ஐயா: "நல்ல பையன்ங்க. ரொம்ப அமைதி."

"அமைதியா இருக்கறது கிருபை ஆயிடாது, பாஸ்டர்."

"அதானே" என்றார் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெற்றிலைக்காரர். என்னைப் பார்த்து உடனே, "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி."

"சரி, கனி? இவனால யாருக்காவது ஏதாவது ஆயிருக்குதா?"

ரைஸ்மில் மட்டும் கேட்டது.

நாற்காலி நகரும் சத்தம். ராஜம்மா. "பேடா ஐயா. வேண்டாம். அவன் கெட்டவன் இல்ல, எங்க டீச்சரம்மா மகன். ஆனா அவனே இப்ப சொன்னான், நம்ம சபை கொட்டாய் கொட்டாயா நடந்து வந்துச்சுன்னு. அவன் எந்தக் கொட்டாய்க்கு நடந்தான்? எங்கூட்டுக்காரரு விழுந்து படுத்தவரு இன்னும் எந்திரிக்கல. ஒரு நாள் எட்டிப் பாத்தானா? வந்தது அவங்கக்கா. எஸ்தரு. வாரம் தவறாம வரா. முதுகத் திருப்பிப் போட்டுப் பவுடர் அடிச்சு விடறா. அதுக்கப்புறந்தான் ஜெபம்."

"எங்கூட்டுக்கும் அந்தப் பொண்ணுதாங்க வரும்" என்று வேறொரு குரல்.

"எம் மக கோவிச்சுகிட்டு வந்தப்ப மாப்ள வூட்டுக்குப் பேசப் போனது அதான்." இன்னொன்று.

"யாருப்பா எஸ்தர்?"

"பையனோட அக்காங்க. பால்வாடி டீச்சர். நல்ல பொண்ணுதாங்க, ஆனா" தேவராஜ் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது, "பொம்பளப் புள்ளைங்களே."

"அதனால என்ன? நம்ம சட்டத்துல தடை எங்கயும் இல்ல. கேட்டா குடுக்கறதுக்கு நான் தயார். அந்தப் பொண்ணு கேட்டுதா?"

"கேக்கலீங்களே."

அப்போது பாஸ்டர் வீட்டுக் கதவு திறந்தது. அக்கா. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே முற்றத்தைத் தாண்டினாள். பஜார் முழுக்கத் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரியும். நடை மாறவில்லை. ஆலயக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"டீ அப்புறம் குடும்மா" என்றது குழாய்.

"டீ இல்லீங்க ஐயா. நான்தான் எஸ்தர். கேக்கறேன்."

டீ மாஸ்டர் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உள்ள பேசினது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ஊருக்கே தெரியும்ங்க ஐயா. மைக் ஆன்ல இருக்குது."

உள்ளே கலவரம். யாரோ ஓடினார்கள். பாஸ்டர் ஐயா பதறுவது தெளிவாகக் கேட்டது. "தொடாதீங்க, தொடாதீங்க! பாய் பைவாரு!" கன்னடத்தில் திட்டுவதற்குப் பைவது. அவசரத்தில் தமிழ் வரவில்லை அவருக்கு. பஜார் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஐந்து நிமிடம் முன்பு என்னைக் கூறுபோட்ட அதே குழாய்.

டி.எஸ். ஐயா சிரித்தாரா இருமினாரா தெரியாது. "இருக்கட்டும், விடுங்க. மறைக்க ஒன்னுமில்ல. எத்தன நாளா இந்த எண்ணம், அம்மா?"

"சின்ன வயசுலேருந்துங்க. முன்ன இருந்த ஐயர் கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். நல்லதும்மா, ஞாயிறு பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக் குடுன்னாரு. சொல்லிக் குடுத்தேன்."

"ஊர் ஊரா மாத்துவாங்க. பரவாயில்லியா?"

"மாத்துங்க ஐயா. எனக்கு இந்த ஊரு போதும் போதும்னு ஆயிடுச்சு."

வெற்றிலைக்காரர் தொடையில் தட்டினார். "பேசுதய்யா பொண்ணு!"

"சரி. இந்தப் பொண்ண சிபாரிசு பண்றவங்க கை தூக்குங்க."

கரண்ட் போய்விட்டது.

ரைஸ்மில்லும் நின்றது. பஜார் முழுக்க ஒரே 'ச்சே'. கிரிக்கெட் வர்ணனை நின்றால் வருமே, அதே சத்தம். எல்லோரும் ஆலயக் கதவைப் பார்த்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் காதர் பாய் தொப்பியோடு திரும்பி வந்து கூட்டத்தைக் கண்டு அரண்டுபோனார். "யாருப்பா போயிட்டது?"

கதவு திறந்தது. தேவராஜ் வந்து படியில் நின்றார். பஜாரே தன்னைப் பார்ப்பதைக் கண்டு கண்டக்டர் குரலுக்கு மாறினார். "எஸ்தருக்கு எல்லாக் கையும்! தம்பிக்கு..."

என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பின்னாலிருந்து ராஜம்மா: "தம்பிக்கு ஒரு டீ குடுங்கப்பா."

குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. மார்புக்குள் எப்போதும் இருக்கும் ஒரு கனம், எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது அங்கே இருப்பதால் அதை நான் என்று நினைத்திருந்தேன். அது இப்போது இல்லை. அதே சமயம் ஒரு குத்தல். கனி இல்லை. பஜார் அறிய. பொய்யும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த அளவுகோல், அதைக்கொண்டே என்னை அளந்தார்கள்.

வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வேதம் மடியில், மூடி.

"எல்லாரும் கேட்டுட்டாங்களாடா?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்மா."

தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. "மார்த்தம்மா கதைய உன்ன யாரு சொல்லச் சொன்னது? தொர கதையச் சொல்லியிருந்தா இந்நேரம் நீ போயிருப்ப."

"அம்மா, எனக்கு இஷ்டமில்லம்மா."

சொல்லிவிட்டேன். நேற்று வரை மலைபோல் இருந்த வாக்கியம். குழாய் பேசி முடித்த பிறகு சொன்னதால் சத்தமே இல்லாமல் போயிற்று.

மடியிலிருந்த வேதத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "மொதல்ல அவளத்தான் குடுத்தேன்" என்றாள். "ஐயர் வேண்டாம்னாரு. ஆண்டவரு வேண்டாம்னாரான்னு நான் கேட்டுக்கவே இல்ல பாரு."

விளக்கு ஏற்றும் நேரத்தில் அக்கா வந்தாள். அம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். நான் சமையலறைப் பக்கம் போய்விட்டேன். பின்னாலேயே அக்கா வந்து பானையைத் திறந்து பார்த்தாள்.

"ஒன்னு சொல்லிடறேன். உனக்காக நான் போகலடா. உன்னக் காப்பாத்தறதுக்காகப் போனேன்னு எங்கயாவது எழுதி வெக்காத."

எழுதி வைக்கிறேன், அவள் சொன்னதை அப்படியே.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஆலய மணி அடித்துத்தான் விழிப்பு. கனவில்லாத தூக்கம். கண்ணில் சுண்ணாம்பு எரிச்சல்கூட இல்லை.

ஆராதனைக்குப் போனேன். போகவேண்டும் என்றில்லை இனி, அதனாலேயே போவது எளிது. தமிழ்ப் பக்கம் கடைசி பெஞ்சு. டி.எஸ். ஐயா காலை பஸ்ஸில் போய்விட்டார். மைக் இல்லை. காதர் பாய் செட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார், ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டாராம்.

வாசலில் தேவராஜ்: "தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க. உங்களுக்கும் நான் கை தூக்கியிருப்பேன். ஓட்டே எடுக்கல."

"பரவாயில்லீங்க."

"வருத்தமா?"

"இல்லீங்க." நம்பவில்லை. நம்பும்படி சொல்லவும் வரவில்லை. சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

பஜாரில் இரண்டு கட்சி. பெண் போதகரானால் தாலி எடுத்துக் கொடுப்பது யார் என்று டீக்கடையில் தர்க்கம். "அதும் பொம்பளதானே, நல்லா எடுத்துக் குடுக்கும்" என்றார் வெற்றிலைக்காரர். அத்தோடு முடிந்தது. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தோற்றவனுக்குக் கொடுக்கிற இடம். உட்கார்ந்துகொண்டேன். சௌகரியமான இடம்தான்.

பொறாமையும் உண்டு, எழுதிவிடுகிறேன். அவளுக்கு இன்னது வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எனக்கு வேண்டாதது மட்டும் தெரியும்.

மத்தியானம் கோழி. பொருத்தனை நிறைவேறியதற்கா, கலைந்ததற்கா என்று அம்மா சொல்லவில்லை. கால் இரண்டும் அக்காவுக்கு. இத்தனை வருடமும் எனக்கு வந்தவை.

10 பிப்ரவரி, திங்கள்

பனி குறைவு. அக்கா பால்வாடிக்குப் போய்விட்டாள். போகும் வழியில் ராஜம்மா வீடு.

நீலம் போட்ட வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. கை நின்றது. என் பக்கம் திரும்பினாள். ஏதோ புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"சரி, நீ என்ன பண்ணப் போற?"

பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க இடமில்லாமல் இருந்தது. அம்மாவும் இப்போதுதான் அதை உணர்ந்தவள்போல் பதிலுக்கு உண்மையாகவே காத்திருந்தாள்.

யோசித்தேன். சன்னலுக்கு வெளியே மாட்டுவண்டி ஒன்று முழுசாகக் கடந்து போனது.

"தெரியலம்மா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பெட்டியை மூடினாள்.

"ரேஷன்ல சீனி போடறானாம். பைய எடுத்துட்டுப் போயி நில்லு."

போனேன். வரிசை டீக்கடை வரை. எனக்குப் பின்னால் வந்து நின்றவர், "நீங்கதான் கடேசிங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வெயில் இதமாக இருந்தது.